மீட் முடிந்த பிறகும் உடம்பு இருக்கிறது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் விடியற்காலை ஐந்தரைக்குப் போனால், பனைமரங்களை ஒட்டி யாராவது நாலு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். சப்ஜில்லா மீட், அதாவது வட்டார அளவில் பள்ளிகளுக்கு நடக்கும் விளையாட்டுப் போட்டி, நெருங்க நெருங்கக் கூட்டம் கூடும். மீட் முடிந்த மறுவாரம் சாலை காலியாகிவிடும். இருபது வருடங்களுக்கு முன்னால் அங்கே ஓடியவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் செட்டில் ஏழு பேர். இன்றைக்கு அந்த ஏழு பேரில் நாலு பேருக்கு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒருத்திக்கு முப்பத்தாறு வயதில் சர்க்கரை வந்துவிட்டது. எங்களோடு படித்து, விளையாட்டு மைதானத்தின் பக்கமே தலைகாட்டாத தோழிகள் சிலர் இப்போது தினமும் நடக்கிறார்கள். ஓடிப் பழகிய நாங்கள்தான் உட்கார்ந்துவிட்டோம்.

இது ஏன் என்று பல வருடங்களாக யோசித்திருக்கிறேன், தேடிப் படித்தும் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாலே முக்காலுக்கு எழுந்து, மழையிலும் கணவாய்க் காற்றிலும் ஆறேழு வருடம் ஓடியவர்களுக்குத் திடீரென்று எங்கிருந்து சோம்பல் வரும்?

பாலக்காடு மாவட்டத்தில் ஓட்டத்துக்கு இருக்கும் மதிப்பை முதலில் சொல்ல வேண்டும். பறளி, முண்டூர், கல்லடி என்று பள்ளிகளின் பெயரைச் சொன்னாலே கேரளத்தில் தடகளம் தெரிந்தவர்களுக்குப் புரியும். முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா 2017-இல் புவனேசுவரத்திலும் 2019-இல் தோகாவிலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 2022 காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் நீளம் தாண்டி வெள்ளி வாங்கினார். சித்தூர் தாலுக்காவின் கிழக்கே இருக்கும் எங்கள் தமிழ் ஊர்களிலிருந்து அப்படிப் பெரிய பெயர்கள் வரவில்லை. ஆனால் அந்த ஆசை எங்கள் மைதானம் வரைக்கும் வந்தது. தமிழ் மீடியத்தில் படித்தோம், மலையாளத்தில் ஓடினோம். இன்றைக்கும் அவசரமாக ஒரு வேலை செய்தால் 'வேகம் மோளே, வேகம்' என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சாரின் குரல்தான் காதுக்குள் கேட்கும்.

நாங்கள் எதற்காக ஓடினோம்? எஸ்எஸ்எல்சியிலும் பிளஸ் டூவிலும் கிரேஸ் மார்க் கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் முட்டை, பால், தங்குமிடம், படிப்பு எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, போலீஸ் வேலை. தோட்டத்துக் கூலிக்குப் போகும் வீட்டுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய வாசல் எது? அந்த வாசலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதன் வழியாக உள்ளே போன பெண்கள் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு மைதானத்தில் ஐம்பது பேர் ஓடினால் அந்த வாசலில் நுழைவது இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களிடம், வாசல் சாத்திய மறுநாள் காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கு அது இருபத்திரண்டாம் வயதில் நடந்தது. ஒரு செலக்‌ஷனில் 800 மீட்டரில் நாலாவதாக வந்தேன். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஸ்பைக்ஸைப் பரண்மேல் போட்டேன். மறுநாள் நாலே முக்காலுக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. திரும்பப் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஓடவில்லை.

இந்த இடத்தை விளக்க உளவியலில் ஒரு பழைய சோதனை உதவுகிறது. 1971-இல் எட்வர்டு டெசி என்ற அமெரிக்கர் கல்லூரி மாணவர்களுக்குச் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு சாராருக்குத் தீர்த்துவைத்த ஒவ்வொரு புதிருக்கும் காசு கொடுத்தார், இன்னொரு சாராருக்குக் கொடுக்கவில்லை. காசை நிறுத்திய பிறகு, சும்மா இருக்கும் நேரத்தில் யார் புதிரைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்தார். காசு வாங்கிப் பழகியவர்களுக்கு ஆர்வம் குறைந்திருந்தது. 1973-இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளியில் இதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழைக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே வண்ணப் பேனாக்களை மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளின் ஆசை அப்படியே இருந்தது.

இதைப் படித்த அன்றைக்கு எங்கள் அம்மா டிரங்குப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கும் என் சான்றிதழ்கள் ஞாபகம் வந்தன. நான் ஓட ஆரம்பித்தது சான்றிதழுக்காக இல்லை. நுங்கு சீசனில் மாமா பனையிலிருந்து குலையை இறக்குகிறார் என்று கேள்விப்பட்டால் தோட்டம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடுவேன். காற்று காதில் மோதும் சத்தம் பிடிக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் அதைப் பார்த்துத்தான் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து பிளஸ் டூ முடிப்பதற்குள் அந்தச் சத்தம் எங்கேயோ போய்விட்டது, ஸ்டாப்வாட்ச் மட்டும் மிஞ்சியது.

பரிசு என்றாலே கெடுதல் என்று டெசியும் சொல்லவில்லை. அவரும் ரிச்சர்டு ரயானும் பின்னால் விரித்து எழுதியதன் சாரம் இது: 'நீ முன்னேறியிருக்கிறாய்' என்று தெரிவிக்கும் பரிசு ஆர்வத்தை வளர்க்கும். 'இதற்காகத்தான் செய்' என்று கட்டிப்போடும் பரிசு ஆர்வத்தைத் தின்னும். ஒரு காரியத்தில் மனம் நிலைத்திருக்க மூன்று வேண்டும் என்கிறார்கள். நானே தேர்ந்துகொண்டேன் என்ற எண்ணம், எனக்கு இது கைவருகிறது என்ற நிறைவு, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உறவு. போட்டி விளையாட்டில் கடைசி இரண்டும் நிறையவே கிடைக்கும். முதலாவதுதான் கிடைக்காது. எப்போது எழ வேண்டும், எத்தனை சுற்று, என்ன சாப்பிட வேண்டும், எல்லாம் சார் சொல்வார். போட்டி நின்றதும் கைவருகிற நிறைவும் உறவும் சேர்ந்தே போய்விடுகின்றன. இதுவரை பழகாத ஒன்று மட்டும், தானே தேர்ந்தெடுப்பது, தலையில் வந்து உட்காருகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் பள்ளிகளில் ஓட்டம் ஒரு தண்டனை. வீட்டுப்பாடம் செய்யவில்லையா, மைதானத்தை ரெண்டு ரவுண்டு ஓடு. பயிற்சிக்கு லேட்டா, இன்னும் நாலு ரவுண்டு. இப்படி வளர்ந்த உடம்பு, பெரியவளான பிறகு தானாக ஓட நினைக்கும்போது, 'நான் என்ன தப்பு செய்தேன்' என்றுதான் கேட்கிறது. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள்.

உடம்பின் கதைக்கு வருகிறேன். பயிற்சியை விட்டால் முதலில் குறைவது ரத்தத்தின் அளவு. இரண்டு மூன்று வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கி, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களையும் சைக்கிள் வீரர்களையும் வைத்து எட்வர்டு காய்ல் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதமும், 12 வாரத்தில் 16 சதவீதமும் குறைந்தது. தசைபலம் இதைவிட மெதுவாகத்தான் குறையும். குறையாமல் அப்படியே நிற்பது பசி. 50 கிலோ எடையுள்ள பெண் ஒரு நாளில் 12 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 600 கலோரி செலவாகும், கிட்டத்தட்ட பத்து இட்லி. ஓட்டம் ஒரே நாளில் நிற்கும், பத்து இட்லிப் பசி ஒரே நாளில் நிற்காது. எங்கள் செட்டில் எல்லோரும் முதல் இரண்டு வருடத்தில் குண்டானதற்கு இதுதான் காரணம். அப்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கணக்கு இவ்வளவுதான் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வெட்கம் இருந்திருக்காது.

நல்ல செய்தியும் உண்டு. 1966-இல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது! அப்புறம் அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். இருபது வயதில், படுக்கையில் போடுவதற்கு முன் இருந்த மூச்சுத் திறனுக்கு அவர்கள் திரும்பினார்கள். ஐந்தே பேர்தான் என்பதால் எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் 'அவ்வளவுதான், இனி இந்த உடம்பு ஆகாது' என்று முப்பத்தெட்டு வயதில் பேசும் என் தோழிகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ரால்ப் பாஃபென்பார்கர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து பார்த்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். கல்லூரி நாளில் பெரிய விளையாட்டு வீரராக இருந்து பின்னால் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு, பழைய விளையாட்டு மாரடைப்பிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. அன்றைக்கு விளையாடாமல் பின்னால் சுறுசுறுப்பானவர்கள் நன்றாக இருந்தார்கள். உடம்புக்கு டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இந்த வாரம் என்ன செய்தோம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

சரி, அப்படியானால் திரும்பத் தொடங்க வேண்டியதுதானே? அங்கேதான் முன்னாள் வீரர்கள் வழுக்கி விழுகிறோம். காரணம், நாம் யார் என்பதே ஓட்டத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது. 1993-இல் பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இதை 'விளையாட்டு வீரர் என்ற அடையாளம்' என்று பெயரிட்டு அளக்கவே ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அந்த அடையாளம் வலுவாக இருக்கிறவர் பயிற்சியில் உயிரைக் கொடுப்பார். காயமோ ஓய்வோ வந்தால் அதே அளவுக்கு உடைந்தும் போவார். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவே, வென்ற பிறகு தன்னைச் சூழ்ந்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உலகத்திலேயே பெரிய பரிசு கிடைத்தவருக்கே அப்படியென்றால், நாலாவதாக வந்தவளுக்கு?

நான் முப்பத்தொன்றாம் வயதில், இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு மறுபடி தொடங்கினேன். பழைய உடம்பு திரும்ப வேண்டும் என்பது காரணம். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பிளஸ் டூவில் ஓடிய அதே அட்டவணையைப் போட்டேன். 400 மீட்டர் ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஒவ்வொரு சுற்றிலும் வாட்சைப் பார்ப்பேன், பார்த்துப் பார்த்துக் கூனிப்போவேன். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 17 விநாடி. அது பதினேழு வயதுக்காரியுடையது, அவளோடு போட்டி போட்டு முப்பத்தொரு வயதுக்காரி எப்படி ஜெயிப்பாள்? ஒரு நாள் சாலையோரம் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றபோது, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மாயி ஒருவர் பயந்துபோய்க் கேட்டார்: "ஏங்கண்ணு, உன்னய யாராச்சும் தொரத்தறாங்களா?"

மூன்றாவது வாரம் கெண்டைக்கால் தசை கிழிந்தது. இதற்கும் விளக்கம் உண்டு. இதயமும் மூச்சும் சீக்கிரம் பழகிக்கொள்ளும், தசைநார்கள் மெதுவாகத்தான் பழகும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூச்சு முட்டி, அவரே நின்றுவிடுவார். முன்னாள் ஓட்டக்காரிக்கு வேதனையைத் தாங்கத் தெரியும், எப்படி வேகமெடுப்பது என்று காலுக்கும் ஞாபகம் இருக்கும். அதைத் தாங்கும் நிலையில் நார்கள் இல்லை. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் நூறு மீட்டர் ஓடி விழுகிறவர்கள் பெரும்பாலும் பழைய சாம்பியன்கள்தான்.

கெட்ட காரணங்கள் என்று நான் நினைப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பின்மேல் கோபம். கல்யாணம், வளைகாப்பு, பட்டுப்புடவை என்று தேதி வைத்து இளைப்பது. தின்றதற்குத் தண்டனையாக ஓடுவது. பழைய நேரத்தை எட்டிப் பிடிப்பது. இவற்றால் ஆறு வாரம் ஓடலாம், ஆறு வருடம் ஓட முடியாது. இன்னும் மோசமானது, ஒரு நாள் விட்டாலே குற்றவுணர்ச்சி வந்து காய்ச்சலோடும் ஓடுவது. வெளியிலிருந்து பார்த்தால் ஒழுக்கம்போலத் தெரியும், உள்ளே அது ஒரு நோய். எங்கள் நாளில், மாதவிலக்கு நின்றுபோனால் நல்ல ஃபிட்டாகிவிட்டோம் என்று பெண்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. முற்றிலும் தவறு. செலவுக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குக் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது, எலும்பு வரைக்கும் பாதிக்கும். ஆண்களுக்கும் இந்தப் பற்றாக்குறை வரும் என்று சேர்த்து 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே எச்சரித்தது. விலக்கு நின்றால் டாக்டரைப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

அப்படியானால் எந்தக் காரணம் நிற்கும்? என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: பலன் அன்றைக்கே கிடைக்க வேண்டும். என்றைக்கோ வரப்போகும் மெடலுக்காக இன்றைக்குக் கசப்பை விழுங்குவதுதான் நாங்கள் கற்ற வழி. அதை அப்படியே தலைகீழாக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நடந்தால் இன்றைக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. காலையில் நடந்த அன்றைக்குப் பிள்ளைகளிடம் எரிந்து விழுவதில்லை. கணக்குப் பார்த்தால் இவை சின்ன விஷயங்கள், ஆனால் தினமும் கிடைக்கின்றன. செய்யும்போதே நன்றாக இருக்கிறது என்று உணர்கிறவர்கள்தான் உடற்பயிற்சியைத் தொடர்கிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. அதற்கு வேகம் குறைய வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம் என்று ஒரு எளிய அளவுகோல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னதும் இந்த வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுச்சேர்க்கும் பயிற்சி. ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர் ஓடியவளுக்கு இதைக் கேட்டால் அவமானம்போல இருக்கும். எனக்கும் இருந்தது. அந்த அவமானத்தைத் தாண்ட ஒரு வருடம் ஆனது.

கால் ஆறிய பிறகு, வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு முழங்கால் வலி, அதனால் என் வேகம் தானாகக் குறைந்தது. வழியெல்லாம் பேச்சு. தண்ணீர் விட்டிருக்கும் நாளில் கொக்குகளைப் பார்த்துக்கொண்டே போவோம். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், மார்கழிக் குளிரில், சும்மா ஒரு நூறு அடி ஓடிப் பார்த்தேன். காதில் அந்தக் காற்றுச் சத்தம் கேட்டது. நின்று அழுதேன். அக்கா பதறிப்போனார்.

பெண்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஐந்தரைக்கு வெளியே போக வேண்டுமென்றால் அடுப்பை யாராவது பார்க்க வேண்டும். என் வீட்டில் வாரத்தில் நாலு நாள் காலை டிபன் அவர் பொறுப்பு. இதைப் பேசி முடிவு செய்யாமல் மனத்திடம், ஊக்கம் என்று பேசிப் பிரயோஜனமில்லை. ஆண்களுக்கு எங்கள் பக்கம் சாயங்கால வாலிபால் இருக்கிறது. தடகளக்காரர்களைவிட வாலிபால்காரர்கள் நாற்பதிலும் ஆடிக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கு விளையாட்டும் சிநேகிதமும் ஒன்றாகவே இருந்துவிட்டன, ஜெயிக்காத நாளிலும் போக ஓர் இடம் இருக்கிறது. மலப்புறம் மாவட்டத்துக் கொண்டோட்டியில் தொடங்கி மலபார் முழுக்கப் பரவிய மெக்-7 உடற்பயிற்சியிலும் இதுதான் நடக்கிறது. தினமும் காலையில் சுமார் இருபது நிமிடம், காசில்லை, மெடலில்லை, ஊர்க்காரர்கள் வரிசையாக நின்று செய்துவிட்டுப் போகிறார்கள்.

எங்களுக்கு வள்ளி கும்மி வந்தது. கொங்கு நாட்டில் இந்த ஆட்டம் மறுபடி பெரிதாக எழுந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததற்காகவே 2024-இல், 87 வயதில், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெண்கள் ஆடாத காலத்தில் அவர் பெண்களைச் சேர்த்தவர். கோயில் மைதானத்தில் இரண்டு மணி நேரம் விடாமல் கால் மாற்றி, குனிந்து நிமிர்ந்து, கைதட்டி ஆடினால் சட்டை பிழியுமளவு வியர்க்கும். இதை யாரும் ஃபிட்னெஸ் என்று சொல்வதில்லை. வள்ளியின் கதை எங்கே விட்டது, அடுத்த அடி என்ன என்பதுதான் மனதில் இருக்கும். எங்கள் செட்டில் சர்க்கரை வந்தவளை இழுத்துக்கொண்டு போனது அந்த ஆட்டம்தான். ஓட வா என்று நான் மூன்று வருடம் கூப்பிட்டும் அவள் வரவில்லை.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூத்தோர் தடகளம் சிலருக்கு நன்றாகப் பொருந்துகிறது. சண்டிகரின் மன் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 101 வயதில் ஆக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். அவருக்கு எட்டிப் பிடிக்க வேண்டிய பழைய நேரம் எதுவும் இல்லை. என்னைப் போன்றவர்கள் அதில் இறங்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். நம்பர் குத்தியதும் நாலே முக்கால் மணிக் குரல் திரும்ப வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஜூன் மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் ஹாஸ்டலிலிருந்து திரும்பி வந்தாள். இருபத்தொரு வயது, 400 மீட்டர் தடை ஓட்டம். செலக்‌ஷன் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் வெளியே வரவில்லை. அவள் அம்மா என்னிடம் வந்து, "நீ சொன்னாக் கேப்பா சாமி" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. வாய்க்கால் கரைக்கு வரியா என்று மட்டும் கேட்டேன். வந்தாள், கையில் வாட்சோடு. முதல் வாரம் எங்களைவிட முந்நூறு மீட்டர் முன்னால் நடந்தாள். போன வியாழக்கிழமை திரும்பிப் பார்த்தபோது அக்காவுக்குப் பக்கத்தில், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். வாட்ச் கையில்தான் இருந்தது. அதை அவளாகவே கழற்றட்டும்.